கணக்கில் வராத மீன்

கடற்கரை ஊர்களில் வள்ளம் கரையேறியதும் முதலில் விழும் கேள்வி, "பாடு எப்படி?" என்பதுதான். பாடு என்றால் கிடைத்த மீன். அன்றைய அடுப்பு, டீசல் கடன், வட்டி, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அந்தப் பதிலுக்குள் அடங்கியிருக்கும். மீன்வள ஆய்வாளர்கள் கேட்பதும் இதே கேள்விதான். ஆனால் அவர்களுக்கு ஒரு வள்ளத்தின் பாடு போதாது. ஒரு கடலின் பாடு முழுவதும் வேண்டும். யார், எங்கே, எந்த வலையில், எத்தனை நாள் கிடந்து, எந்த அளவு மீனை, எவ்வளவு பிடித்தார்கள் என்பது வரை வேண்டும்.

ஏன் இத்தனை துருவல்? காட்டு யானையை எண்ண நீர்நிலை ஓரம் காத்திருக்கலாம். பறவையை எண்ணத் தொலைநோக்கி போதும். கடலுக்குள் ஓடும் மீனை அப்படி எண்ண முடியாது. அது கண்ணுக்குத் தெரியாது, ஓரிடத்தில் நிற்காது, எல்லைக்கோடுகளை மதிக்காது. அதனால், செத்துக் கரைக்கு வந்த மீனைக் கொண்டுதான் உயிரோடு கடலில் இருக்கும் மீனைக் கணக்கிட வேண்டியிருக்கிறது. கரையில் எழுதும் கணக்கு பொய்த்தால், கடலைப் பற்றிய நம் அறிவு முழுவதும் பொய்த்துப் போகும்.

குதிரும் கையும்

இருட்டறையில் ஒரு நெற்குதிர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. கையை விட்டு அள்ளத்தான் முடியும். மிச்சம் எவ்வளவு என்று அறிய மூன்று குறிப்புகள் உதவும். இதுவரை எத்தனை மரக்கால் அள்ளினோம்? ஒவ்வொரு முறையும் கை எவ்வளவு ஆழம் போக வேண்டியிருந்தது? கையில் வருவது முற்றிய மணியா, பதரா?

மீன்வள அறிவியலின் அடித்தளமும் இந்த மூன்றுதான். முதலாவது, பிடித்த மீனின் மொத்த எடை. இரண்டாவது, அதற்காகச் செலவிட்ட உழைப்பு. ஆயிரம் தூண்டில் போட்டபோது முன்பு பத்து மீன் சிக்கியது, இப்போது இரண்டுதான் சிக்குகிறது என்றால் கை ஆழமாகப் போகத் தொடங்கிவிட்டது என்று பொருள். மூன்றாவது, மீனின் நீளமும் எடையும் வயதும். வயதைச் சொல்வது செவிக்கல். மீனின் தலைக்குள் இருக்கும் இந்தச் சிறிய சுண்ணாம்புக் கல்லை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், மரத்தின் வளையங்களைப் போல ஆண்டுக்கணக்கு தெரியும். முதிர்ந்த மீன்கள் குறைந்து குஞ்சுகளே வரத் தொடங்கினால், இனம் பெருக்கும் வயதை எட்டுமுன்பே மீன் பிடிபட்டுவிடுகிறது என்று அறியலாம்.

குதிருக்கும் கடலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. குதிர் நெல் தானாகப் பெருகாது. மீனோ ஆண்டுதோறும் பெருகும். அந்தப் பெருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் இருப்பை விட்டுவைத்தால் கடல் தலைமுறை தலைமுறையாகச் சோறு போடும். முதல் எது, பெருக்கம் எது என்று பிரித்துச் சொல்லத்தான் இத்தனை கணக்கும்.

கரையில் ஓர் எண்ணிக்கை

இந்தியாவில் இந்தக் கணக்கைத் திரட்டும் பெரும்பொறுப்பு மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 1947-இல் தொடங்கப்பட்டு, முன்பு ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் முகாமில் இயங்கிய நிறுவனம் அது. இன்று அதன் தலைமையகம் கொச்சி. நாட்டின் கடற்கரை முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மீன் இறங்குதளங்கள் உள்ளன. எல்லா இடத்திலும் எல்லா நாளும் ஆள் நிறுத்த இயலாது. ஆகவே ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு என்ற வழியை, அந்த ஒரு சோறு எது என்பதைப் புள்ளியியலின் கையில் ஒப்படைத்து, நடைமுறைப்படுத்துகிறார்கள்.

கடற்கரை மண்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. மாதம், பத்துப் பத்து நாளாக மூன்று பங்காகிறது. எந்த நாளில் எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்பதைக் கணக்கெடுப்பாளர் தம் விருப்பப்படி முடிவு செய்ய முடியாது. சீட்டுக் குலுக்கியதுபோல் அது முன்பே தீர்மானிக்கப்படும். முதல் நாள் நண்பகலிலிருந்து மாலை ஆறு வரை அவர் கரையில் நிற்பார். மறுநாள் காலை ஆறிலிருந்து நண்பகல் வரை நிற்பார். இடைப்பட்ட இரவில் வந்த மீனைக் கரையில் உள்ளவர்களிடம் விசாரித்து எழுதுவார். வந்த படகுகள் பதினைந்துக்குள் இருந்தால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அதற்கு மேல் போனால் குறிப்பிட்ட வரிசையில் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். ஐம்பதைத் தாண்டினால் ஐந்துக்கு ஒன்று.

சொல்ல எளிது. கரையில் நின்றால்தான் சிரமம் புரியும். படகு அணைந்ததும் கூடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மணலுக்கு வருகின்றன. ஏலம் கூறுபவர் குரல் எழுப்பிவிட்டார். கணக்கெடுப்பாளருக்காக ஏலம் காத்திருக்காது. சில நிமிடங்களில் மீன் கைமாறி ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். அதற்குள் அவர் கூடைகளை எண்ணி, ஒரு கூடையின் எடையை மதிப்பிட்டு, அதில் எத்தனை பங்கு மத்தி, எத்தனை பங்கு காரல், எத்தனை பங்கு சூரை என்று பிரித்து எழுத வேண்டும். எத்தனை பேர் போனார்கள், எந்த வலை, எத்தனை மணி நேரம், எத்தனை பாகம் ஆழம் என்றும் கேட்க வேண்டும். களைத்துப்போய் வந்தவரிடம் கேள்வி கேட்டுப் பொறுமையான பதில் வாங்குவது, பல ஆண்டுப் பழக்கத்தில் வளரும் நம்பிக்கையால் மட்டுமே முடிகிற காரியம்.

பெயரே ஒரு பொறி. சென்னையில் சீலா என்று சொன்னால் ஒரு மீன். தென்மாவட்டங்களில் அதே பெயரைச் சொன்னால் கையில் கிடைப்பது வஞ்சிரம். கூடையைக் கண்ணால் பார்க்காமல் வாய்ப்பேச்சைக் கேட்டு எழுதினால் இரண்டு இனங்களின் கணக்கும் கெடும். சூரை மீன்களில் இது இன்னும் சிக்கல். மஞ்சள் துடுப்புச் சூரையின் குஞ்சும் பெருங்கண் சூரையின் குஞ்சும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பழகிய கண்ணே தடுமாறும்.

இடமும் ஒரு பொறிதான். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்கள் சுறாவையும் சூரையையும் தேடி ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்குபவர்கள். அவர்களில் பலர் மீனை இறக்குவது கொச்சித் துறைமுகத்தில். உழைத்தது தமிழ்நாட்டுக் கைகள். மீன் கிடைத்தது கரைக்கு எட்டாத ஆழ்கடலில். கணக்கு ஏறுவது கேரளத்தில். இறங்கிய இடத்தை மட்டும் எழுதினால் போதாது, பிடித்த இடமும் தெரிய வேண்டும் என்பது இதனால்தான்.

இப்படிக் கூடை கூடையாகத் திரட்டியதைப் பெருக்கிக் கணித்துத்தான், 2024-இல் இந்தியக் கரையில் இறங்கிய கடல்மீன் 34.7 லட்சம் டன் என்று நிறுவனம் அறிவித்தது. நாளிதழில் ஒரு வரியாகக் கடந்துபோகும் அந்த எண்ணுக்குப் பின்னால் ஆண்டு முழுவதும் வெயிலில் நின்ற மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஏமாற்றிய நிறைவு

கணக்கு இருந்தாலும் அதைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து உலகத்துக்கே பாடமாயிற்று. அங்கே காட் மீன் பல நூற்றாண்டுகளாக வாழ்வளித்தது. 1980-களில் பெரிய இழுவைக் கப்பல்களின் மீன்பாடு நன்றாகவே இருந்தது. ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைக்கும் மீன் குறையவில்லை. ஆகவே கடலிலும் குறையவில்லை என்று கருதினார்கள். உண்மை வேறு. மீன் குறையக் குறைய, எஞ்சியவை ஓரிடத்தில் திரண்டன. கருவிகள் கூர்மையாகிவிட்டதால் கப்பல்கள் அந்தத் திரளை நேராகத் தேடிப்போய் அள்ளின. குதிர் காலியாகிக்கொண்டிருந்தபோதும், நெல் குவிந்திருந்த மூலைக்குள் கை போனதால் ஒவ்வொரு முறையும் கை நிறைந்தே வந்தது. 1992 ஜூலை 2-ஆம் நாள் அரசு மீன்பிடிப்பையே தடை செய்தது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தனர். வணிக மீன்பிடிப்பு மீண்டும் முறையாகத் திறக்கப்பட 2024 வரை, 32 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

அங்கே கணக்கைப் படித்ததில் பிழை. கணக்கே மறைக்கப்பட்ட கதை ஒன்றும் உண்டு. அது நம் இந்தியப் பெருங்கடலில் பிறக்கும் ஒரு சூரையின் கதை.

சந்தை சொன்ன சாட்சி

தெற்கு நீலத்துடுப்புச் சூரை இரண்டு மீட்டருக்கு மேல் நீளமும் 200 கிலோவுக்கு மேல் எடையும் வளரக்கூடியது. நாற்பது ஆண்டுகள் வரை வாழும். முட்டையிடும் இடம் ஒன்றே ஒன்றுதான்: இந்தோனேசியாவின் ஜாவாவுக்கும் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரைக்கும் இடைப்பட்ட வெதுவெதுப்பான கடல். அங்கிருந்து குஞ்சுகள் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கும். வளர்ந்த மீன்கள் தென்கடல்கள் முழுவதும் சுற்றும். முதிர்ச்சியடைய எட்டு ஆண்டுகளாவது ஆகும் என்பதால், ஒரு தலைமுறையை இழந்தால் மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

ஜப்பானில் பச்சையாக உண்ணும் சாஷிமிக்கு இந்த மீன் மிக உயர்ந்த ரகம். 1960-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 80,000 டன் வரை பிடிக்கப்பட்டது. பிறகு சரிவு. 1980-களின் நடுவில் ஆஸ்திரேலியா, ஜப்பான், நியூசிலாந்து மூன்றும் தமக்குள் அளவு வகுத்துக்கொண்டன. 1994-இல் அது முறையான ஆணையமாகி, கான்பெராவைத் தலைமையிடமாகக் கொண்டது. இன்ன நாட்டுக்கு இத்தனை டன் என்று ஒதுக்கினார்கள். ஆனாலும் மீன் எதிர்பார்த்தபடி மீளவில்லை.

விடை கிடைத்தது கடலில் அல்ல, சந்தையில். பிடித்தவர் தம் ஏட்டில் ஒன்றை எழுதலாம். விற்பவரும் வாங்குபவரும் தம் ஏட்டில் எழுதுவது வேறு கணக்கு. டோக்கியோவில் அந்நாளில் இயங்கிய த்சுகிஜி போன்ற ஏலச் சந்தைகளில் விடியலுக்கு முன்பே, உறைபனி படிந்த சூரைகள் சிமெண்டுத் தரையில் வரிசையாகக் கிடத்தப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் மேலும் எண், எடை. வாலருகே வெட்டிய இடத்தில் வணிகர்கள் விளக்கடித்துச் சதையின் நிறத்தையும் கொழுப்பையும் பார்த்து விலை சொல்வார்கள். ஆண்டுக்கு எவ்வளவு விற்றது என்பது சந்தையின் பதிவுகளில் இருந்தது. 2006-இல் சார்பற்ற ஆய்வுக்குழு ஒன்று அந்தப் பதிவுகளையும் படகுகள் சொன்ன மீன்பாட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தது. விற்ற மீன், பிடித்ததாகச் சொன்ன மீனைவிட மிக அதிகம். அதுவும் பல ஆண்டுகளாக. குதிரிலிருந்து இரவில் யாரோ அள்ளிக்கொண்டிருந்தார்கள். அளவு எவ்வளவு என்பதில் வாதம் நடந்தது. முடிவில், 6,065 டன்னாக இருந்த ஜப்பானின் ஆண்டு ஒதுக்கீடு 2007 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 3,000 டன்னாகக் குறைக்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவின் பக்கமும் கேள்வி எழுந்தது. அங்கே இளம் சூரைகளைச் சுருக்குமடியில் வளைத்து, உயிரோடு வலைக்கூண்டில் மெல்ல இழுத்துவந்து, போர்ட் லிங்கன் ஊரின் கடற்பண்ணைகளில் கொழுக்க வைப்பார்கள். கூண்டு மாற்றும்போது வாயிலில் காணொளி எடுத்து எண்ணிவிடலாம். எடையை எப்படி அறிவது? நாற்பது மீனைத் தூண்டிலில் பிடித்து நிறுத்துச் சராசரி எடுத்தார்கள். சிறிய மீன்களே முந்திவந்து கடித்திருந்தால்? சராசரி குறையும், ஆயிரக்கணக்கான மீனால் பெருக்கும்போது அந்தச் சிறு பிழை டன்கணக்கில் வளரும். பிற்பாடு மாதிரியை நூறு மீனாக உயர்த்தினார்கள்.

மறைத்த மீனால் வந்த கேடு அந்த மீனோடு முடியவில்லை. ஆயிரம் தூண்டிலுக்கு எத்தனை மீன் என்ற அளவையும் அதே ஏடுகளிலிருந்துதான் எடுத்திருந்தார்கள். அதனால் பல ஆண்டுகளின் கணிப்புகள் அனைத்தும் ஐயத்துக்கு உள்ளாயின. எது முதல், எது பெருக்கம் என்று உறுதியாகச் சொல்ல எவராலும் இயலவில்லை. நேர்மையாக எழுதியவரின் உழைப்பும் அதில் வீணாயிற்று.

பிள்ளையைக் கொண்டு பெற்றோரை எண்ணுதல்

படகின் ஏட்டை நம்பாமல் மீனை எண்ண வழியுண்டா? ஆஸ்திரேலிய அறிவியல் அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ-வில் மார்க் பிராவிங்டனும் அவருடைய குழுவினரும் கண்ட வழி மிக அழகானது. ஒவ்வொரு மீனுக்கும் பெற்றோர் இருவர், கூடவும் மாட்டார், குறையவும் மாட்டார். கடலில் பெரிய மீன்கள் ஆயிரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் நூறின் மரபணுவும், எங்கோ பிடிபட்ட குஞ்சுகளில் நூறின் மரபணுவும் நம்மிடம் உள்ளன. ஒவ்வொரு குஞ்சையும் ஒவ்வொரு பெரிய மீனோடும் ஒப்பிட்டால் பத்தாயிரம் ஒப்பீடு. ஒவ்வொன்றிலும் பெற்றோராக இருக்க வாய்ப்பு ஆயிரத்துக்கு இரண்டு. ஆக, இருபது பெற்றோர்–பிள்ளை இணைகள் கிடைக்கும். பெரிய மீன்கள் பத்தாயிரம் இருந்தால் இரண்டு இணைதான் கிடைக்கும். இணைகள் அரிதாக ஆக, கடலில் மீன் நிறைய என்று பொருள்.

குஞ்சுகளின் சதைத் துணுக்குகள் போர்ட் லிங்கனிலிருந்து வந்தன. பெரிய மீன்களுடையவை பாலித் தீவின் பெனோவா துறைமுகத்திலிருந்து வந்தன. முட்டையிடும் கடலில் மீன்பிடிக்கும் இந்தோனேசியப் படகுகள் அங்கேதான் இறக்குகின்றன. இறங்குதளத்தில் நின்று அளவுகோலால் அளந்து, நகக்கண் அளவு சதை எடுத்துக் குப்பியில் போட்டுப் பெயரிட்டவர்களின் கையுழைப்பு இல்லாமல் இந்த அறிவியல் பிறந்திருக்காது. ஏறத்தாழ 14,000 மீன்களை ஒப்பிட்டதில் கிடைத்தவை 45 இணைகள். அதிலிருந்து முதிர்ந்த மீன்கள் சுமார் 20 லட்சம் என்று கணித்தார்கள். 2016-இல் இந்த ஆய்வு நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியானது. அள்ளியதை வைத்து ஊகிக்காமல் குதிரின் இருப்பையே அளந்துபார்க்க முடிந்த தருணம் அது.

கூடவே வேறு காவல்களும் வந்தன. 2010 முதல் பிடிக்கும் ஒவ்வொரு மீனிலும் எண்ணிட்ட பட்டை பூட்ட வேண்டும். மீனோடு அதன் ஆவணமும் சந்தை வரை பயணிக்க வேண்டும். 2011-இல் பாலியில் கூடிய ஆணையம், கணக்கு உயர்ந்தால் ஒதுக்கீடு இவ்வளவு உயரும், தாழ்ந்தால் இவ்வளவு தாழும் என்ற விதியை முன்கூட்டியே வகுத்துவிட்டது. ஆண்டுதோறும் பேரம் பேச அதன்பின் இடமில்லை.

பலன்? முட்டையிடும் மீன்களின் இருப்பு, மீன்பிடிக்கத் தொடங்குமுன் இருந்ததில் 5 விழுக்காடு அளவுக்குத் தாழ்ந்திருந்தது. 2020 மதிப்பீட்டில் 20 விழுக்காட்டுக்கும் 2023-இல் 23 விழுக்காட்டுக்கும் ஏறியது. 2010, 2011-இல் எல்லா நாடுகளுக்கும் சேர்த்து 9,449 டன்னாக இருந்த ஒதுக்கீடு, 2024 முதல் 2026 வரை 20,647 டன். கணக்கு நேரானதும் மீனும் கூடியது, மீனவருக்குக் கிடைக்கும் பங்கும் கூடியது. 2035-க்குள் 30 விழுக்காட்டை எட்டுவது இலக்கு. இன்னும் தொலைவு இருக்கிறது.

நம் பக்கத்துக் கணக்கு

இந்தியப் பெருங்கடலின் மற்ற சூரைகளுக்கும் ஓர் ஆணையம் உண்டு. அதன் அலுவலகம் செஷல்ஸில். இந்தியாவும் இலங்கையும் உறுப்பு நாடுகள். மற்ற பெருங்கடல்களில் பெரிய கப்பல்களே பெரும்பங்கு சூரையைப் பிடிக்கின்றன. இங்கோ ஏறத்தாழ பாதியைப் பிடிப்பவர்கள் செவுள்வலையும் தூண்டிலும் கொண்ட சிறு படகுக்காரர்கள். ஒரு பெரிய கப்பலில் ஒரு பார்வையாளரை ஏற்றினால் ஆயிரம் டன்னுக்குக் கணக்கு கிடைக்கும். ஆயிரம் சிறு படகுகளின் கணக்குக்கு ஆயிரம் கரையில் நிற்க வேண்டும். மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டதாக 2015-இல் மதிப்பிட்டார்கள். தரவும் கணிக்கும் முறையும் திருத்தப்பட்ட 2024 மதிப்பீட்டில் அந்த முடிவு மாறியது. ஒரு கடலின் மீனவர்கள் அனைவருடைய வாழ்வையும் தொடும் தீர்ப்பு, கரையில் எழுதும் எண்களை எவ்வளவு சார்ந்திருக்கிறது பாருங்கள்.

கணக்கும் கண்காணிப்பும் போதவில்லை என்று கூறி, இலங்கையின் மீனை ஐரோப்பிய ஒன்றியம் 2015-இன் தொடக்கத்தில் தடை செய்தது. படகுகளில் இடங்காட்டிக் கருவிகள் பொருத்தி, பதிவேடுகளைச் சீர்செய்த பிறகு 2016-இல்தான் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் அடி வாங்கியது கரையோரக் குடும்பங்கள்.

மீனவர் உண்மையைச் சொல்லத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. நல்ல பாடு கிடைத்த இடத்தைச் சொன்னால் நாளை அங்கே நூறு படகு நிற்கும். அளவைச் சொன்னால் வரியோ தடையோ வருமோ என்ற அச்சம். அந்த அச்சத்தைப் போக்க வேண்டியது கணக்குக் கேட்பவரின் கடமை. மீனவரிடமிருந்து வாங்கிய எண், அவர் பேசும் மொழியில் விளக்கத்தோடு அவர் கரைக்கே திரும்பிவர வேண்டும். இந்த ஆண்டு உங்கள் கடலில் மத்தி ஏன் குறைந்தது, எந்த மாதத்தில் குஞ்சு மிகுதி, எந்த வலைக்கண் அதைத் தப்பவிடும் என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் கணக்கு அவருக்கு எதிரான சாட்சியாக இல்லாமல் அவர் பக்கத்துச் சாட்சியாகும். வெளியிலிருந்து ஒரு பெருங்கப்பல் வந்து அள்ளும்போது, இந்தக் கடலில் தலைமுறைகளாக நாங்கள் இவ்வளவு பிடித்தோம் என்று நிறுவ அவருக்கு வேறு பத்திரம் இல்லை.

கரையில் குறிப்பேட்டோடு ஒருவர் வந்து "பாடு எப்படி?" என்று கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள். அவருக்காக ஏலக்காரர் இரண்டு நிமிடம் பொறுக்கட்டும். கேட்பவரும் கேட்டதைத் திருத்தாமல் எழுதட்டும். எழுதப்படாத மீனுக்குக் காவல் இல்லை. அதைப் பிடித்தவரின் உரிமைக்கும் இல்லை.